சிறு நாடகக் குழுவின் ஆண்டுத் திட்டமும் பொது நிதியும்: ஒரு வழிகாட்டி

ஒரு நாடகத்தைப் போட்டு முடித்து, கடனை அடைத்து, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்துபோகும் குழுக்கள் தமிழ்நாட்டில் அதிகம். திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கான திட்டமும், அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் குறையும் என்ற கணக்கும் பெரும்பாலான குழுக்களிடம் எழுத்தில் இருப்பதில்லை. பகலில் வங்கியிலோ பள்ளியிலோ கடையிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வரும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு தன் ஆண்டு நிகழ்ச்சிகளை எப்படி வகுப்பது, அதற்கு அரசிடமும் பிற அமைப்புகளிடமும் எப்படி நிதி கேட்பது என்பதே இங்கே பேசப்படுகிறது. நாடகத்தை இயக்குநர் பார்த்துக்கொள்வார், பணத்தைச் செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று பிரித்துவிடுவதுதான் வழக்கம். அப்படிப் பிரிக்க முடியாது என்பது என் கருத்து. எந்த நாடகத்தை எந்த ஊரில் எத்தனை முறை போடுகிறோம் என்பதைப் பொறுத்தே யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதும் அமைகிறது.

இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். பின்னாளில் நீதிபதியான பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, வேறு தொழில் பார்த்தவர்கள் கலை ஆர்வத்தால் கூடி நடித்த சபை. 1970களின் பிற்பகுதியில் தோன்றிய கூத்துப்பட்டறை, பரீக்‌ஷா, மதுரை நிஜ நாடக இயக்கம் போன்ற நவீன நாடகக் குழுக்களுக்குச் சபாக்களின் உறுப்பினர் சந்தா என்ற பின்பலம் கிடையாது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையால் முழுநேர நடிகர்களை வைத்துப் பயிற்சி தர முடிந்ததென்றால், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியும் மத்திய அரசின் மானியமும் அதற்குக் கைகொடுத்தன. மற்றக் குழுக்கள் பெரும்பாலும் உறுப்பினர்களின் கைக்காசில் நடந்தன; கைக்காசு தீர்ந்தபோது நாடகமும் நின்றது.

பற்றாக்குறையை எண்ணில் எழுதுதல்

திட்டமிடலின் முதல் வேலை நாடகத்தைத் தேர்வது என்று பலரும் நினைப்பார்கள். அதற்கு முன்பே ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் வாடகையையும் கூலியையும் இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

பத்து நடிகர்கள், 45 மாலை ஒத்திகை. ஒத்திகை இடத்துக்கு மாலை ஒன்றுக்கு 800 ரூபாய் என்றால் 36,000. நடிகருக்குப் பயணத்துக்கும் தேநீருக்கும் நாளொன்றுக்கு 200 ரூபாய் கொடுத்தால் 90,000. அரங்கப் பொருள், உடை, ஒப்பனை 60,000. சுவரொட்டியும் அழைப்பிதழும் 10,000. ஆக, திரை விலகுவதற்கு முன்பே 1,96,000 ரூபாய் செலவாகிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு நிகழ்வுக்கும் அரங்க வாடகை 20,000, விளக்கும் ஒலியும் 15,000, வண்டி 6,000, நடிகர் ஊதியம் தலைக்கு 1,500 வீதம் 15,000, சாப்பாடு 4,000 என்று 60,000 ஆகும். ஆறு நிகழ்வுக்கு மொத்தச் செலவு 5,56,000.

வரவைப் பாருங்கள். 150 இருக்கை கொண்ட அரங்கில் 200 ரூபாய் டிக்கெட் நூறு விற்றால் ஒரு நிகழ்வுக்கு 20,000. ஆறு நிகழ்வுக்கு 1,20,000. பற்றாக்குறை 4,36,000. ஆறு நாளும் அரங்கு நிறைந்தாலும் 3,76,000 ரூபாய் கையைக் கடிக்கும். டிக்கெட்டிலேயே முழுச் செலவையும் எடுக்க வேண்டுமானால், ஓர் இருக்கைகூடக் காலியில்லாமல், 618 ரூபாய்க்கு விற்க வேண்டும். நாடகத்துக்கு 500 ரூபாய் வரையிலான நுழைவுக் கட்டணத்துக்கு மட்டுமே ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பதால் அந்த வரம்பையும் அது தாண்டிவிடுகிறது. ஆண்டு வருவாய் 20 லட்சத்தை எட்டாத குழு ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை என்பது வேறு. 618 ரூபாய் கொடுத்து வருவோர் யார் என்பதுதான் கேள்வி.

இதை நிர்வாகக் கோளாறு என்று எண்ணிக் குழுவினர் வெட்கப்படுவதை நிறையப் பார்க்கலாம். வில்லியம் போமோல், வில்லியம் போவன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதன் காரணத்தை 1966இலேயே விளக்கிவிட்டார்கள். ஆலையில் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கும் பொருளின் அளவு இயந்திரங்களால் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் பத்துப் பேர் இரண்டு மணி நேரம் நடிக்க வேண்டிய நாடகத்துக்கு இன்றும் அதே பத்துப் பேரும் அதே இரண்டு மணி நேரமும் வேண்டியிருக்க, வாடகையும் ஊதியமும் மட்டும் ஊரோடு சேர்ந்து ஏறுகின்றன. ஆகவே பற்றாக்குறையைக் கணக்குப் புத்தகத்தின் மூலையில் மறைக்காமல், பெரிய எண்ணில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் பொது நிதியிலிருந்து கேட்கப்போகும் தொகை அதுதான்.

இப்போது இந்த ஆறு நிகழ்வுகளோடு, அதே நாடகத்தை ஆறு கிராமங்களுக்கும் எடுத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அரங்க வாடகை இல்லை; சாப்பாடு ஊரார் போடுவார்கள். வண்டி 8,000, நடிகர் ஊதியம் 15,000, விளக்கும் ஒலியும் 6,000 என்று ஒரு நிகழ்வுக்கு 29,000. விழாக் குழு 15,000 தந்தால் குறைவது 14,000. பார்க்க வருவோர் ஊருக்கு நானூறு பேர். முன்பு 600 பார்வையாளருக்கு 4,36,000 குறைந்தது. அதாவது தலைக்கு 727 ரூபாய். இப்போது மொத்தம் 3,000 பார்வையாளருக்கு 5,20,000. தலைக்கு 173 ரூபாய். குறையும் தொகை கூடியிருக்கிறது, ஆனால் அரசு அலுவலரின் மேசைக்குக் கொண்டுபோகத்தக்க கணக்கு இந்த இரண்டாவது கணக்குத்தான். ஒத்திகைக்குப் போட்ட முதலீடு எத்தனை நிகழ்வுகளுக்குப் பகிரப்படுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு குழு நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் அமைகிறது.

ஆண்டு நாட்காட்டி

காகிதத்தில் பன்னிரண்டு மாதங்கள் இருந்தாலும், நாடகம் போடக் கிடைப்பவை அவ்வளவு இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் கடலோர மாவட்டங்களில் திறந்தவெளி நிகழ்வுக்கு உறுதி சொல்ல முடியாது. சென்னையில் டிசம்பரில் சபா அரங்குகள் மார்கழிக் கச்சேரிகளுக்குப் போய்விடும். மார்ச், ஏப்ரலில் தேர்வு நடப்பதால் பள்ளிகள் உள்ளே விடமாட்டா. பிள்ளைகள் உள்ள வீட்டில் பெற்றோரும் வரமாட்டார்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அரசு அரங்குகளும் பொது இட அனுமதிகளும் நடத்தை விதிகளுக்குள் சிக்கிக்கொள்ளும்.

குழுவில் தெருக்கூத்துக் கலைஞரோ, நிகழ்வுக்கு நிகழ்வு தனித்தனியாக அமர்த்தப்படும் ஸ்பெஷல் நாடக நடிகரோ இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதத் திருவிழாக்கள் பங்குனியிலிருந்து ஆடி வரை நடக்கும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கும் கோயில் திருவிழாக் காலம்தான் வருமான காலம். அந்த மாதங்களில் அவர்களை ஒத்திகைக்கு அழைப்பது அவர்களின் பிழைப்பைக் கெடுப்பதாகும். அவர்கள் ஆடும் ஊருக்கே குழு போய் விடிய விடியப் பார்த்துவிட்டு வருவதைப் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கலாம்.

ஆகவே புதிய நாடகத்தின் ஒத்திகையை ஜூனில் தொடங்கி, ஆகஸ்ட், செப்டம்பரில் உள்ளரங்கில் போட்டுவிடுவது சென்னைக்கும் கடலோர ஊர்களுக்கும் பொருந்தும். மழைக்காலத்தில் பிரதி வாசிப்பும் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களும். பொங்கலுக்குப் பின் கிராமங்களுக்கான சுற்றுப்பயணம். மே மாதம் பிள்ளைகளுக்கான பயிலரங்கு. இதில் வரும் கட்டணம், சிறிதானாலும், நம்பக்கூடிய வருமானம். கிராம நிகழ்வுகளில் நேரத்தையும் கணக்கிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு ஆண்டில் 15 நாட்கள் வரை மட்டுமே அதிகாரம் உண்டு. ஊரில் சாமி கும்பிட்டு முடித்து ஒன்பதரைக்கு மேடையைக் கையில் கொடுப்பார்கள். ஒன்றரை மணி நேர நாடகத்தை அங்கே போய்ச் சுருக்க முடியாது. விழாக் குழுவிடம் ஏழு மணித் தொடக்கத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

எந்த நாடகங்கள்

ஓராண்டுக்கு ஒரு புதிய தயாரிப்பு போதும். அதோடு பழைய நாடகம் ஒன்றை உயிரோடு வைத்திருப்பது, புதிதாக இரண்டு செய்வதைவிடப் பயனுள்ளது, ஏனெனில் அதன் ஒத்திகைச் செலவு முன்பே முடிந்துவிட்டது. மூன்றாவதாக, நாற்பது நிமிடத்துக்குள் முடியும், விளக்கு வேண்டாத, வகுப்பறையிலும் நடிக்கக்கூடிய ஒரு சிறுவர் நாடகம். நான்காவதாக, வேறு ஊர்க் குழு ஒன்றை அழைத்து அவர்களின் நாடகத்தை உங்கள் பார்வையாளருக்குக் காட்டுவது. பதிலுக்கு அவர்கள் உங்களை அழைப்பார்கள், இரு குழுவுக்கும் ஒத்திகைச் செலவு இல்லாமல் ஒரு நிகழ்வு கூடும். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற சிற்றூரில் 1949இல் தோன்றிய நீநாசம், 1985 முதல் ‘திருகாட்ட’ என்ற சுற்றுப்பயணக் குழுவை ஊர் ஊராக அனுப்பிவருவதைப் பார்த்தால், தலைநகரில் இல்லாத ஓர் அமைப்பும் சில நாடகங்களைத் தயாரித்து மாநிலம் முழுவதும் கொண்டுபோக முடியும் என்பது விளங்கும்.

நாடகத்தைத் தேர்ந்தவுடன் உரிமையைப் பாருங்கள். விண்ணப்பத்தில் இதைக் கேட்பார்கள். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். 1964இல் மறைந்த பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களுக்கு அந்தக் காலம் 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது; இன்று அவற்றை எவரும் போடலாம். 1956இல் மறைந்த பெர்டோல்ட் பிரெக்டின் ஜெர்மன் மூலங்களும் இங்கே விடுபட்டுவிட்டன. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனி, அவரிடம் கடிதம் வாங்க வேண்டும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு சலுகையும் பலருக்குத் தெரிவதில்லை: தொழில்முறை அல்லாத மன்றமோ சங்கமோ, கட்டணம் வாங்காத பார்வையாளர்முன் ஒரு நாடகத்தை நடித்தால் அது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. டிக்கெட் கிழித்த நொடியில் இந்தச் சலுகை போய்விடும். சலுகை இருந்தாலும், உயிரோடிருக்கும் எழுத்தாளரிடம் கேட்டுவிட்டுப் போடுவதே மரியாதை. முடிந்தால் நிகழ்வுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையையும் கொடுங்கள்.

பிரதியைக் காவல்துறைக்குக் கொடுத்து முன்அனுமதி பெறும் பழைய முறைக்கு அடிப்படையாக இருந்த தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் பிரிவுகள் செல்லாதவை என்று, பரீக்‌ஷா ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அரங்க நிர்வாகம் பழக்கத்தில் பிரதியைக் கேட்டால் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். தெருவிலும் பொது இடத்திலும் கூட்டம் கூட்டுவதற்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வாங்குவது தனி. அதைத் தவிர்க்க முடியாது.

யாரிடம் கேட்பது

பதிவு இல்லாத குழுவுக்கு எந்தக் கதவும் திறக்காது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம், அறக்கட்டளையாகவும் பதியலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, பான் எண், தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு, தணிக்கை செய்த கணக்கு ஆகியவை வேண்டும். பல திட்டங்கள் மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்பதால், நிதி கேட்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும் இன்றே தணிக்கையைத் தொடங்கிவிடுவது நல்லது. டீக்கடை ரசீதுகூட வாங்காமல் நாடகம் போட்ட குழு, நான்காம் ஆண்டில் திடீரென்று கணக்குக் காட்ட முடியாது.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் திட்டங்களில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று குரு-சிஷ்யப் பரம்பரைத் திட்டம். நாடக வட்டாரத்தில் ‘ரெப்பர்டரி கிராண்ட்’ என்பார்கள். குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும் வயதுவந்த சிஷ்யருக்கு மாதம் 10,000 ரூபாயும் என்பது அதன் வீதம். இது நாடகத்துக்கான பணமல்ல, ஆட்களுக்கான பணம். தொடர்ந்து பயிற்சி செய்யும் குழுவுக்கே பொருந்தும். மற்றது பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கும் தயாரிப்புகளுக்குமான உதவி. பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை. மாலை நேரக் குழு முதலில் இரண்டாவதைக் கேட்பதே பொருத்தம். சங்கீத நாடக அகாதெமியும், 1986 முதல் தஞ்சாவூரில் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையமும் விழாக்களுக்கு அழைத்து நிகழ்வுக் கட்டணம் தருகின்றன. மையத்திடம் உங்கள் நாடகத்தின் காணொளியும் ஆள் எண்ணிக்கையும் பயணத் தேவையும் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுத்து வைக்கலாம்.

மாநில அளவில், 1955இல் தொடங்கப்பட்டு இன்று இயல் இசை நாடக மன்றம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, கலைமாமணி விருதோடு நின்றுவிடுவதில்லை. புதிய நாடகத் தயாரிப்புக்கும் நிதியுதவி தருகிறது. கலை பண்பாட்டுத் துறையும் அதன் மாவட்டக் கலை மன்றங்களும் விழாக்கள் நடத்துகின்றன. குழுவில் உள்ள கூத்துக் கலைஞர்களை நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராக்கிவிடுவது நிதிக்கு அப்பாற்பட்ட கடமை.

தனியார் பக்கம், பெங்களூரிலிருந்து இயங்கும் இந்தியக் கலைகளுக்கான அறநிறுவனம், ஐஎஃப்ஏ, ஆய்வுத்தன்மையுள்ள கலை முயற்சிகளுக்கு மானியம் தருகிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலையும் பண்பாடும் இடம்பெற்றிருப்பதால், பெரிய நிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு நிதியை நாடகத்துக்கும் தரலாம். ஆனால் அவை வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளையும், சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவையும் கேட்கும். சுற்று வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலை இருந்தால் முயலலாம். இல்லையென்றால் இதற்குச் செலவிடும் நேரத்தை உள்ளூர் வணிகர் சங்கத்திடம் செலவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சுகாதாரத்துக்கும் சாலைப் பாதுகாப்புக்கும் அரசுத் துறைகள் விழிப்புணர்வு நாடகம் போடச் சொல்லிப் பணம் தருவதுண்டு. 1990களில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கக் கலைப்பயணங்கள் பல நல்ல நடிகர்களை உருவாக்கின என்பதும் உண்மைதான். ஆயினும் அது கூலி; செய்தி அவர்களுடையது, அளவும் அவர்களுடையது. அதை ஏற்பதில் தவறில்லை. ஆனால் ஆண்டில் எத்தனை நாள் அதற்கு என்று முன்கூட்டியே முடிவு செய்யாத குழு, இரண்டாம் ஆண்டில் கொசு ஒழிப்பைத் தவிர வேறு நாடகம் இல்லாமல் நிற்கும்.

விண்ணப்பம் எழுதுதல்

‘கலை சமுதாயத்தை மேம்படுத்துகிறது’ என்று தொடங்கும் விண்ணப்பங்கள் தேர்வுக் குழுவின் மேசையில் கட்டுக் கட்டாக இருக்கும். உங்கள் முதல் பத்தியில் என்ன நாடகம், எத்தனை நிகழ்வு, எந்த ஊர்கள், எத்தனை கலைஞர்களுக்கு எத்தனை நாள் ஊதியம், எத்தனை பார்வையாளர்கள், மொத்தச் செலவு, எதிர்பார்க்கும் வரவு, குறையும் தொகை, அதில் இந்தத் திட்டத்திடம் கேட்கும் பங்கு ஆகியவை வந்துவிட வேண்டும். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொண்டால்: ‘பன்னிரண்டு நிகழ்வுகள், ஆறு கிராமங்கள் உட்பட, 3,000 பார்வையாளர்கள், செலவு 7,30,000, டிக்கெட்டும் விழாக் குழுக்களும் தருவது 2,10,000, குறைவது 5,20,000, இதில் 3,00,000 கோருகிறோம், மீதம் உறுப்பினர் சந்தாவும் உள்ளூர் நன்கொடையும்.’ இந்த நான்கு வரியைப் படித்த அலுவலருக்கு அதன்பின் நாடகத்தின் கலைநோக்கைப் படிக்கப் பொறுமை இருக்கும்.

கலைநோக்கை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். யாருக்காக இந்த நாடகம், இப்போது ஏன், உங்கள் குழு ஏன் என்ற மூன்றுக்கும் பதில் அதில் இருக்கட்டும். உறுப்பினர்கள் இலவசமாகக் கொடுக்கும் உழைப்பையும் ஒரு வரியாகப் பணமதிப்பில் காட்டுங்கள். ஒளியமைப்பாளர் நண்பர் என்பதற்காக அந்த வரியில் சுழியம் போட்டால், அடுத்த ஆண்டு அவர் வராதபோது அந்தத் தொகையைக் கேட்க உங்களிடம் முன்கணக்கு இருக்காது. பார்வையாளர் எண்ணிக்கையை ஊகித்து எழுதக் கூடாது. இலவச நிகழ்வானாலும் எண்ணிட்ட சீட்டு கொடுத்து, மிச்சக் கட்டைக் கோப்பில் வையுங்கள். கிராம நிகழ்வுக்கு ஊராட்சித் தலைவரிடமிருந்தோ தலைமையாசிரியரிடமிருந்தோ நாளும் தோராயக் கூட்டமும் குறிப்பிட்ட கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள்.

தாமதத்தைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் ஆணை வந்த பின்னும் பணம் மாதக்கணக்கில் வராமலிருப்பது அரிதன்று. தவணையாகத் தருவார்கள், கடைசித் தவணை கணக்குக் கொடுத்த பிறகே வரும். மானியம் வந்தால்தான் தொடங்க முடியும் என்ற நிலையில் உள்ள தயாரிப்பை அறிவிக்கவே கூடாது. பணம் வராவிட்டாலும் போடக்கூடிய சிறிய வடிவம் ஒன்று, வந்தால் போடக்கூடிய முழு வடிவம் ஒன்று என்று இரண்டு செலவுத் திட்டங்களை இயக்குநரும் செயலாளரும் சேர்ந்து எழுதி வைத்துக்கொண்டால், ஒத்திகையின் நடுவே மனக்கசப்பு வராது. எந்த ஒரு மூலமும் ஆண்டு வரவில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான். அரசை விமர்சிக்கும் நாடகத்தைப் போட்ட ஆண்டில் மானியம் புதுப்பிக்கப்படாமல் போனாலும் குழு எழுந்து நிற்க வேண்டும்.

நிதி ஒதுக்கீட்டுக்கே குரல் கொடுத்தல்

ஒவ்வொரு குழுவும் தன் விண்ணப்பத்தோடு நின்றுவிட்டால், ஒரே சிறிய தொகைக்கு எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கர்நாடக அரசு 1989இல் மைசூரில் பி.வி. காரந்தின் தலைமையில் ரங்காயணம் என்ற முழுநேர நாடகக் குழுவைத் தொடங்கியது. நடிகர்கள் மாதச் சம்பளம் வாங்கி நாடகம் போடுகிறார்கள். கேரள சங்கீத நாடக அகாதெமி 2008 முதல் திருச்சூரில் சர்வதேச நாடக விழா நடத்துகிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நம் மாநிலத்தில், ரங்காயணத்தைப் போன்ற முழுநேர அரசு நாடகக் குழு இல்லை. இதைக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

மாநில வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அதன்பின் துறைவாரியான மானியக் கோரிக்கை விவாதமும் கொள்கை விளக்கக் குறிப்பும். வரவுசெலவுத் திட்டம் படித்த பிறகு மனுக் கொடுப்பதில் பயனில்லை. நவம்பர், டிசம்பரிலேயே மாவட்டத்தின் குழுக்கள் எல்லாம் சேர்ந்து, மொத்தமாக எத்தனை நிகழ்வு, எத்தனை பார்வையாளர், எவ்வளவு ஊதியம், எவ்வளவு குறை என்று ஒரே தாளில் எழுதி, துறைக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுக்க வேண்டும். முந்தைய ஆண்டின் கொள்கைக் குறிப்பைப் படித்து, அதில் நாடகத்துக்கு என்ன சொல்லப்பட்டது, என்ன நடந்தது என்று கேட்டால் உறுப்பினருக்குப் பேரவையில் பேச ஒரு கேள்வி கிடைக்கும். எந்தக் குழுக்களுக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்பதைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். மருத்துவமனைக்கே பணம் போதவில்லை, நாடகத்துக்கா என்று யாராவது கேட்பார்கள். அந்த இரண்டையும் மோத விடாதீர்கள். அரசு நூலகத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் எந்த நியாயத்தில் செலவிடுகிறதோ அதே நியாயத்தில்தான் இதையும் கேட்கிறோம் என்று சொல்லி, தலைக்கு 173 ரூபாய் என்ற கணக்கை எடுத்து வையுங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதியில் நிகழ்ச்சிக்குப் பணம் கிடைக்காது. நிலையான கட்டுமானத்துக்குக் கிடைக்கும். ஊர்தோறும் அந்த நிதியில் நாடக மேடையும் கலையரங்கமும் கட்டியிருக்கிறார்கள், ஆனால் அவற்றில் பாதி, நாடகம் பார்க்காதவர்கள் வரைந்தவை. முன்விளிம்பின் நடுவில் இரண்டு தூண்கள் நின்று நடிகரை மறைக்கும். கூரை தாழ்ந்திருப்பதால் விளக்கின் சூடு தலையில் இறங்கும். உடை மாற்ற மறைவிடம் இல்லாததால் பெண் நடிகர்கள் பக்கத்து வீட்டைத் தேடிப் போக வேண்டும். ஒரே ஒரு ஐந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட், அதுவும் சீரியல் செட்டுக்காக. கட்டி முடித்த பின் வருந்துவதைவிட, உங்கள் ஊரில் மேடை கட்டப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே ஒன்றியப் பொறியாளரைப் போய்ப் பாருங்கள். அகலம் 30 அடி, ஆழம் 20 அடி, முன்பக்கம் தூண் வேண்டாம், கூரை 16 அடிக்குக் குறைய வேண்டாம், விளக்கு கட்ட முன்னும் பின்னும் இரண்டு இரும்புக் குழாய், இரு பக்கமும் தாழ்ப்பாளுள்ள ஒப்பனை அறை, பின்னால் கழிப்பறை, மும்முனை மின் இணைப்பு என்று ஒரே தாளில் வரைந்து கொடுத்தால், பெரும்பாலும் மறுக்கமாட்டார். அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மானியம் கிடைத்து நாடகமும் முடிந்த பிறகு, பணம் கேட்ட காரியத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை, மத்திய அரசுப் பணமென்றால் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில், பட்டயக் கணக்கர் கையொப்பத்துடன் காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். ஒரு சான்றிதழ் நிலுவையில் இருந்தால் அடுத்த விண்ணப்பம் படிக்கப்படாமலேயே திரும்பும். ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டி, படமும் சீட்டுக் கட்டும் ஊராட்சிக் கடிதங்களும் சேர்த்து ஒரு நகலைச் சங்கக் கோப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த நிகழ்வின் அழைப்பிதழை அதே அலுவலகத்தின் எழுத்தர் பெயருக்கும் ஒன்று அனுப்புங்கள். மானியக் கோப்பைக் கையாளும் பலர் தாங்கள் பணம் ஒதுக்கிய நாடகத்தை ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.